தங்கச்சி ஊர் மழை

என் தங்கைமேல் எனக்கிருந்த பொறாமை நகையைப் பார்த்து வந்ததில்லை. நகை இருந்தால்தானே வரும்! எங்கள் இரண்டு பேர் கழுத்திலும் கிடந்தது மஞ்சள் கயிறுதான். புருஷனைப் பார்த்தும் வரவில்லை. என் வீட்டுக்காரர் வாய் நிறையப் பேசுகிற மனிதர், அவளுக்கு வாய்த்தவர் கொஞ்சம் முசுடு. பிள்ளையைப் பார்த்தும் வரவில்லை, ஆளுக்கு ஒன்று இருந்தது. அவளுக்குப் பெய்த மழையைப் பார்த்துத்தான் நான் வயிறெரிந்தேன்.

ஆற்றுத் தண்ணீரில் வெள்ளாமை செய்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கால்வாயில் வருகிற தண்ணீர் வரிசையாக எல்லார் வயலுக்கும் போகும். எங்கள் கரிசல் காட்டில் அப்படி இல்லை. வண்டிப்பாதைக்குக் கிழக்கே கொட்டித் தீர்க்கும், மேற்கே ஒரு சொட்டு விழாது. உழைப்பும் ஒன்று, விதையும் ஒன்று, கும்பிட்ட சாமியும் ஒன்று. ஆனாலும் ஒருத்தன் காட்டில் பருத்தி இடுப்புவரை நிற்கும், பக்கத்துக்காரன் காட்டில் முழங்காலுக்குக் கீழேயே வாடி நிற்கும். கோவில்பட்டிச் சந்தையில் பார்த்தால் யார் வீட்டில் மழை, யார் வீட்டில் இல்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எங்களைக் கட்டிக் கொடுத்த இரண்டு ஊர்களும் எட்டயபுரம் போகிற சாலையிலிருந்து தெற்கே விலகிக் கிடந்தன. நடுவில் ஓர் ஓடை. ஓடைக்கு மேற்கே என்னைக் கொடுத்தார்கள். மூன்று வருஷம் கழித்து ஓடைக்குக் கிழக்கே அவளைக் கொடுத்தார்கள். "அக்காளும் தங்கச்சியும் ஒண்ணையொண்ணு கண்ணுல பாத்துக்கிட்டு இருக்கட்டும்" என்று அப்பாவுக்கு ஆசை. மரம் மட்டை இல்லாத பூமி, ஆகையால் அவர் ஆசைப்பட்டபடி எல்லாமே கண்ணில் பட்டது. என் வீட்டுப் புறவாசலில் நின்றால் அவள் ஊர்க் கோவில் வேம்பு தெரியும். ஐப்பசி மாதத்தில் அந்த வேம்பு திடீரென்று மறைந்தால், அங்கே மழை இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எதற்கெடுத்தாலும் சந்தோஷப்படுகிற பிறவி. காற்று தெற்கிலிருந்து கிழக்கே மாறுவது வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். "யக்கா, காத்து திரும்பிட்டு" என்று ஏதோ கல்யாணச் சேதி கொண்டுவந்தவள் மாதிரி ஓடி வருவாள். பருத்தியில் முதல் மஞ்சள் பூ விட்டால் என் கையைப் பிடித்துக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாள். அந்தப் பூ மறுநாள் சிவந்து போகும், அதையும் போய்ப் பார்க்க வேண்டும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்போம். அவள் ஒரு வெடிப்பில் புளியங்கொட்டையைப் போட்டுவிட்டு, எவ்வளவு ஆழத்தில் போய் விழுகிறது என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். பஞ்சத்திலும் விளையாடத் தெரிந்தவளை என்ன சொல்ல?

எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வெள்ளரிப்பிஞ்சைக் கடித்தால் எனக்கு அது வெள்ளரிப்பிஞ்சு, அவ்வளவுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு கடிக்கிற அழகைப் பார்த்த பிறகுதான் என் வாயில் இருப்பது எனக்கே ருசிக்கும். அம்மா வீட்டில் இருந்தவரை நான் அவளைப் பார்த்துப் பார்த்தே மழையையும் வெயிலையும் அனுபவித்தேன். இது எனக்கு அப்போது தெரியாது. மூத்தவள் என்ற மிதப்பில், "சின்னப்புள்ள, ஆடுதா" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான பிறகும் அவள் விடவில்லை. இரண்டு ஊர்க் காடுகளிலும் மாற்றி மாற்றிக் கிடை போடுகிற ஆட்டுக்காரம்மா ஒருத்தி இருந்தாள். ஐம்பது வயது இருக்கும், கையில் தொரட்டிக் கம்பு, இடுப்பில் ஓர் ஆட்டுக்குட்டி. அவள் மடியில் மாதம் தவறாமல் எனக்கு ஏதாவது வந்து சேரும். கார்த்திகையில் தட்டாம்பயற்றுப் பிஞ்சு. மார்கழியில் பால் பிடித்த கம்மங்கதிர், உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதித் தின்பதற்கு. தை பிறந்ததும் பூவோடு பிடுங்கிய ஒரு கைப்பிடி கொத்தமல்லிச் செடி. அதைச் சமைக்க முடியாது, சும்மா மோந்து பார்க்கத்தான். கூடவே வாய்வார்த்தையும் வரும். "முத்துன கதிர ஒதுக்கிட்டு எளங்கதிரா பொறுக்கி அனுப்பிருக்கேன், ஒடனே திங்கணும்னு அக்காட்டச் சொல்லுங்க." ஆட்டுக்காரம்மா அதை ஒரு சொல் மாறாமல் ஒப்பிப்பாள்.

முதல் வருஷம் நான் வாசலிலேயே நின்று காத்திருந்தேன். இரண்டாம் வருஷம் அவள் ஊரில் மழை கூடுதல், எங்களுக்குக் குறைச்சல். அப்போதிருந்து அவள் அனுப்பியது எதுவும் தொண்டையில் சரியாக இறங்கவில்லை. பயறு இனித்தால் ஏன் இனிக்கிறது என்று கோபம் வரும். ஒரு தடவை அவள் அனுப்பிய வெள்ளரிக்காய்களை, "கசக்குது" என்று வீட்டுக்காரரிடம் பொய் சொல்லிவிட்டு எருமைக்குப் போட்டேன். அந்த எருமை ஒவ்வொன்றாக நிதானமாக மென்று தின்றது. அதன்மேலும் எனக்குப் பொறாமைதான்.

மூன்றாம் வருஷம்தான் மோசம். புரட்டாசிக் கடைசியில் இரண்டு ஊரிலும் புழுதியிலேயே விதைத்திருந்தோம். மழை வரும் என்று நம்பிக் காய்ந்த மண்ணில் விதைப்பது எங்களுக்குப் பழக்கம். ஐப்பசி பிறந்தது. தினமும் மத்தியானத்துக்கு மேல் கிழக்கே கறுத்துக்கொண்டு வரும். வேம்பு மறையும். அரை மணி நேரம் ஓடைக்கு அந்தப் பக்கம் வானம் பூமியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் மேகம் வெளுத்து, காலியாகி, எங்கள் தலைக்குமேல் சும்மா கடந்து போகும். நான்கு நாள் இப்படி. நான்கு நாளும் நான் புறவாசலில் நின்று பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம், முடியவில்லை.

நான்காவது நாள் காற்று எங்கள் பக்கம் அடித்தது. கலப்பையைச் செதுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் உளியைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உயர்த்தினார்.

"ஏட்டி, மண்வாசம் வருது பாத்தியா! எம்புட்டு நாளாச்சு!"

"அது நம்ம மண்ணு இல்ல" என்றேன்.

"யாரு மண்ணா இருந்தா என்ன? வாசத்துக்கு வரியா கேக்கப் போறான்?"

அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை நெஞ்சு நிறைய இழுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய்ப் புறவாசல் கதவை அடைத்தேன். ஓலைக் கூரை வழியாக அந்த வாசம் நிதானமாக உள்ளே இறங்கியது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி ஊர் மழையை மோந்து பார்க்கக்கூடாது என்று அப்படி ஒரு வைராக்கியம். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த வயிற்றெரிச்சல் பொய்யில்லை.

மறுநாள் காலையில் ஆட்டுக்காரம்மா வந்தாள். முதல் தடவையாக மடியில் ஒன்றும் இல்லை.

"ஒங்க தங்கச்சி ஒண்ணுதான் கேட்டுவரச் சொன்னா. அக்கா ஊர்ல மழையா, மழையான்னு நேத்துலருந்து அதே பேச்சு. அவளுக்கு உரலு நெறைஞ்சு வழியுது. ஆனா மொகத்துல சந்தோசத்தக் காணும். 'அக்காவுக்குப் பேஞ்சுதான்னு தெரிஞ்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும்'னுட்டா."

முற்றத்தில் கிடக்கிற கல் உரல்தான் எங்கள் பக்கத்தில் மழைக்கு அளவு. உரல் பாதி, உரல் முக்கால், உரல் நிறைய என்று சொல்வோம். ஒன்று கவனிக்க வேண்டும். இங்கே யாரும் உள்ளதை உள்ளபடி சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்று பயம். உரல் நிறைந்தவன் பாதி என்பான், பாதி நிறைந்தவன் தூறல் என்பான். மழையைக் கூட்டிச் சொன்ன ஆள் எங்கள் வட்டாரத்திலேயே கிடையாது. நான்தான் முதல் ஆள்.

"ஆமா, இங்கனயும் பேஞ்சுது. உரலு நெறைஞ்சு வழிஞ்சுதுன்னு சொல்லுங்க" என்றேன்.

ஆட்டுக்காரம்மா முற்றத்தைப் பார்த்தாள். உரலுக்குள் கோழி ஒன்று படுத்திருந்தது. அவள் குட்டிகள் நடந்து வந்த தடம் புழுதியில் தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னத நான் சொல்லுதேன் தாயி" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? "இல்லை" என்றால் அவள் எனக்காகப் பரிதாபப்படுவாள். அவளுக்கு மழையும் இருந்து, என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிற இடமும் கிடைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அடுத்த நாள் வெள்ளனவே அவளே வந்துவிட்டாள். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, கையில் தூக்குச்சட்டியோடு ஓடை தாண்டி நடந்தே வந்திருந்தாள். நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கியதும் முதலில் அவள் கால்தான் கண்ணில் பட்டது. கரிசல் சகதி லேசில் விடாது, எட்டுக்கு எட்டு அப்பிக்கொண்டே வரும். கெண்டைக்கால்வரை சகதி காய்ந்திருந்தது. அதற்கு மேலே எங்கள் ஊர்ப் புழுதி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஓடைக் கரையிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அங்கிருந்து என் வீடுவரை காய்ந்த காட்டைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறாள்.

தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "கருப்பட்டிப் பணியாரம்க்கா. ரெண்டு ஊருக்கும் சேந்து பேஞ்சிட்டுன்னு சுட்டேன்" என்றாள்.

நான் விளக்குமாற்றை விடாமல் பெருக்கிக்கொண்டிருந்தேன். பெருக்கப் பெருக்கப் புழுதி எழுந்து இரண்டு பேர்மேலும் படிந்தது.

"யக்கா, எங்க ஊர் மழை ஒனக்கு அம்புட்டு வலிச்சுதா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதனால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"ஆமாட்டி, வலிக்கத்தான் செய்யுது. மாசாமாசம் ஒன் சந்தோசத்தைப் பொட்டலம் கட்டி எம்முன்னால கொண்டாந்து எதுக்கு விரிக்க? எனக்கு என்ன இல்லன்னு எனக்கே தெரியும். நீ வேற காட்டிக் குடுக்கணுமா?"

அவள் முகம் என்னவோபோல் ஆனது.

"காட்டணும்னு அனுப்பலக்கா. ஒம் பங்குன்னு நெனச்சுல்லா அனுப்புனேன்" என்றாள்.

தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வந்த வழியே போய்விட்டாள். என் வீட்டுக்காரர் காட்டிலிருந்து வந்து பணியாரத்தைத் தின்றுவிட்டு, "ஒன் தங்கச்சி கைப்பக்குவமே தனி" என்றார். எனக்கும் இரண்டு எடுத்து நீட்டினார். பசி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு எனக்கு எதுவும் வரவில்லை. உறவு அறுந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நல்லது கெட்டதுக்கு வந்தாள், போனாள், என் பிள்ளைக்குக் காது குத்தியபோது முன்னால் நின்று வேலை பார்த்தாள். ஆனால் என்னிடம் பேசும்போது காற்று, பூ, காய், மழை எதுவும் அவள் வாயில் வராது. "எப்படிட்டி இருக்க?" என்றால், "என்னமோ இருக்கேன்க்கா" என்பாள். அவள் வாயிலிருந்து 'என்னமோ' என்று ஒரு சொல்லை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பொறாமை ஆளை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். கார்த்திகையில் ஆட்டுக்காரம்மா வெறும் மடியோடு வந்து, "அங்கன இந்த வருசம் வெள்ளரி என்னா காய்ப்புங்க! ஒங்க தங்கச்சி எனக்கு ரெண்டு பறிச்சுத் தந்து, நான் திங்கத வாயப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா" என்றாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. என் இடத்தில் உட்கார்ந்து அவள் வெள்ளரிக்காயைத் தின்றவள் ஆட்டுக்காரம்மா! மார்கழியில் பக்கத்து வீட்டுக்காரி அந்த ஊர்ச் சாவுக்குப் போய்விட்டு வந்து, என் தங்கை அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கொத்தமல்லி பூத்த காட்டைக் காட்டியதாகச் சொன்னாள். "காடு பூரா வெள்ளயா, வாசம்னா வாசம், தலையே கிறுகிறுத்துட்டு" என்றாள். அவளோடு இரண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எங்கள் காட்டிலும் கொஞ்சம் விளையத்தான் செய்தது. கார்த்திகைக் கடைசியில் ஒரு மழை கிடைத்து, அரைகுறையாகப் பருத்தி பிழைத்தது. அதில் முதல் பூ விட்டபோது நானே தனியாகப் போய்ப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். மறுநாள் அது சிவந்திருக்கும் என்று தெரியும், போகவில்லை. வெள்ளரிக்கொடியில் பிஞ்சு பறித்து உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கடித்துப் பார்த்தேன். காரம்தான் தெரிந்தது. நான் இத்தனை நாளும் எதைத் தின்றுகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் கொடுத்தனுப்பியது காயும் கதிரும் இல்லை. அதைத் தின்கிற விதத்தைத்தான் அவள் அனுப்பிக்கொண்டிருந்தாள். அதைத்தான் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கோடை வந்தது. ஆடிக்காற்று அடித்து ஓய்ந்தது. மறுபடி புழுதியில் விதைத்தோம்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் வேம்பு மறைந்தது. வழக்கம்போலத்தான் என்று நான் உள்ளே போகத் திரும்பினேன். கூரையில் சடசடவென்று சத்தம். எங்கள் ஓலை மேலேதான்! வெளியே ஓடி வந்தேன். மழை ஓடையைத் தாண்டி, எங்கள் காட்டைத் தாண்டி, ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மாட்டைக்கூடக் கட்டாமல் முற்றத்தில் கையை விரித்துக்கொண்டு நின்றார். முகத்தில் தண்ணீர் வழிய, எனக்கு வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. யாரையும் பார்க்காமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல், எனக்கே வந்த சந்தோஷம். என் வாழ்நாளில் அது முதல் தடவை என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த நொடியே அவளிடம் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேறு யாரிடம் சொல்வது? இரண்டு பேருக்கும் ஒரே மழை. இன்றைக்கு என்னிடம் பொறாமையும் இல்லை, பொய்யும் இல்லை.

விடியட்டும் என்று காத்திருந்து, தூறல் நிற்பதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். ஓடையில் இடுப்பளவு தண்ணீர் இருந்ததால் சாலைப் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். மூன்று மைல் இருக்கும். வழி நெடுகச் சகதியில் கால் புதைந்து புதைந்து, விழுந்து எழுந்து போனேன். எங்கள் ஊரைவிட அங்கே இன்னும் கனத்த மழை. தெருவில் தண்ணீர் ஓடியது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நல்லா பேயட்டும் என்றுதான் நினைத்தேன்.

தங்கை வீட்டு வாசலுக்குப் போகும்போதே உள்ளே அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. தன் பிள்ளையோடு திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து முற்றத்துத் தண்ணீரில் எதையோ மிதக்கவிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை கைதட்டியது. நானும் சிரித்துக்கொண்டே உள்ளே கால் வைத்தேன். என்னைப் பார்த்ததும் அவள் சட்டென்று எழுந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பைக் கையால் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி உள்ளே இறக்கிவிட்டாள்.

"வாக்கா. இந்த மழையிலயா வந்த? வீட்டுல எல்லாரும் நல்லாருக்காவளா?"

"ஏட்டி, எங்க ஊர்லயும் பேஞ்சிட்டு! ராத்திரி பூரா பேஞ்சுது. ரெண்டு ஒழவு ஓட்டலாம், அம்புட்டு மழை. காடெல்லாம் தண்ணி கட்டிக் கெடக்கு. அதச் சொல்லத்தான் ஓடி வந்தேன்" என்றேன். மூச்சு வாங்கியது.

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. காய்ச்சலில் பிதற்றுகிற பிள்ளையைத் தாய் பார்ப்பாள், அப்படிப் பார்த்தாள்.

"சரிக்கா" என்றாள், அத்தனை மெதுவாக.

"நெசமாத்தான் சொல்லுதேன். வேணும்னா இப்பமே கிளம்பி வா, கண்ணால பாரு."

"எதுக்குக்கா? நீ சொன்னா நான் நம்ப மாட்டேனா? நம்புதேன்."

"அப்படின்னா ஒம் மழையச் சொல்லுட்டி. எம்புட்டுப் பேஞ்சுது இங்கன?" என்று கேட்டேன்.

"இங்கன என்ன மழை? சும்மா தூத்தல்தான்க்கா, புழுதிகூட அடங்கல" என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முற்றத்தில் கணுக்காலுக்கு மேல் நின்ற தண்ணீரில் இறங்கி என் கையைப் பிடிக்க வந்தாள்.